பணிப்பெண் பாத்திரமும் நடிகையின் உழைப்பும்: ஹற்றி மக்டானியல் பற்றிய ஒரு மதிப்பீடு

திரைப்பட நடிகையரின் வாழ்க்கை பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் இரு வகையுள் அடங்கிவிடுகின்றன. ஒன்று புகழ்மாலை, மற்றது வம்பு. இரண்டிலும் நடிகை ஓர் உழைப்பாளி என்ற உண்மை மறைந்து போகின்றது. திரைப்படம் கலையாகவும் கைத்தொழிலாகவும் ஒருங்கே இயங்குவது. அதில் நடிப்பவர் கலைஞராக இருக்கும் அதே வேளையில், தமது உடலையும் குரலையும் குறிப்பிட்ட காலத்துக்குக் குறிப்பிட்ட ஊதியத்தின் பேரில் மற்றொருவரிடம் ஒப்படைக்கும் தொழிலாளியாகவும் உள்ளார். இவ்விரு நிலைகளுக்குமிடையிலான முரண்பாடு எல்லா நடிகரிடத்தும் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை. அது மிகக் கூர்மையாக வெளிப்பட்ட ஒருவரின் வாழ்வையே இங்கு நோக்குகின்றோம்.

1940 பெப்ரவரி 29ஆம் நாள் இரவு, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அம்பாசடர் ஹோட்டலில் ஒஸ்கார் விருது விழா நடைபெற்றது. 'கோன் வித் த விண்ட்' என்னும் படத்தில் அடிமைப் பணிப்பெண்ணாக நடித்தமைக்காக ஹற்றி மக்டானியல் சிறந்த துணை நடிகைக்குரிய விருதைப் பெற்றார். ஒஸ்கார் பெற்ற முதலாவது கறுப்பின அமெரிக்கர் அவரே. விழா நடைபெற்ற ஹோட்டலோ கறுப்பினத்தவரை விருந்தினராக ஏற்காதது. தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் தனியாக இசைவு பெற்றமையாலேயே மக்டானியல் மண்டபத்துள் வர முடிந்தது. சக நடிகர் அமர்ந்திருந்த மேசையில் அவருக்கு இடமில்லை. ஒதுக்குப்புறமான தனி மேசையொன்றே கிடைத்தது. தமது இனத்துக்கும் திரைத்தொழிலுக்கும் பெருமை சேர்ப்பவராகத் தாம் என்றும் விளங்க வேண்டும் என அவர் ஏற்புரையில் வேண்டிக்கொண்டார். அந்த இனத்தைச் சமமாக ஏற்காத தொழில் அது. அந்தத் தொழிலின் படைப்புகளால் இழிவுபடுத்தப்பட்ட இனம் அது. இரண்டுக்கும் ஒருங்கே பெருமை சேர்ப்பது எவ்வாறு?

இவ்வினாவுக்கு இதுகாறும் இரண்டு விடைகள் கூறப்பட்டுள்ளன. மக்டானியல் தமது திறமையை அடிமைமுறையை நியாயப்படுத்தும் படைப்புகளுக்கு விற்றுவிட்டார் என்பது ஒன்று. ஒதுக்கப்பட்ட பாத்திரத்துக்குள் நின்றவாறே பார்வையாலும் குரலாலும் அப்பாத்திரத்தை மீறினார் என்பது மற்றொன்று. முதலாவது விடை அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுந்தது. இரண்டாவது பிற்கால ஆய்வாளர் பலரால் வற்புறுத்தப்படுவது. இரண்டும் நேர்மையான அக்கறையிற் பிறந்தவை. ஆயினும் இரண்டும் போதியன அல்ல என்பதே எமது கருத்து. அவருடைய வாழ்வையும் நடிப்பையும் அவை உருவான சூழலில் வைத்து நோக்கினால் இது தெளிவாகும்.

மக்டானியல் கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரில் 1893ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை ஹென்றி மக்டானியல் அடிமையாகப் பிறந்து, உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் படையிற் சேர்ந்து போரிட்டவர். போரில் உற்ற ஊறுகளுக்குரிய ஓய்வூதியத்தைப் பெற நெடுங்காலம் அலைந்தவர். தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். குடும்பம் பின்னர் கொலராடோ மாநிலத்து டென்வரில் வாழ்ந்தது. அண்ணன் ஓட்டிஸ் நடத்திய நாடகக் குழுவில் ஹற்றி ஆடவும் பாடவும் தொடங்கினார். 1914 அளவில் சகோதரி எற்றாவுடன் சேர்ந்து பெண்கள் மட்டுமே பங்குபற்றிய கேளிக்கை அரங்கொன்றையும் நடத்தினார். வெள்ளையர் முகத்திற் கரி பூசிக் கறுப்பினத்தவரை நையாண்டி செய்த 'மின்ஸ்ரெல்' அரங்கின் வடிவத்தையே எடுத்து, கறுப்பினப் பார்வையாளர் முன்னிலையில் அதே நையாண்டியைத் தலைகீழாக்கிக் காட்டியது அவ்வரங்கு. விசுவாசமுள்ள பருத்த பணிப்பெண் என்ற வார்ப்புருவை மக்டானியல் முதன்முதலிற் கையாண்டது அதைக் கேலி செய்வதற்காகவே என்பது பின்னர் நடந்தவற்றை நோக்கும்போது நினைவிற்கொள்ளத் தக்கது. 1920களின் பிற்பகுதியில் அவர் புளூஸ் பாடல்களை இசைத்தட்டுகளிற் பதிவு செய்தார். 1929ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி மேடைக் குழுக்களைச் சிதறடித்தது. மில்வோக்கியில் ஓர் இரவு விடுதியின் கழிப்பறைப் பணியாளராக வேலை பார்த்த அவர், பின்னர் அவ்விடுதியின் மேடையிலேயே பாடும் வாய்ப்பைப் பெற்றார். 1931இல் லொஸ் ஏஞ்சல்ஸ் சென்றார்.

அங்கு அவருக்குக் காத்திருந்த தொழிற்களம் எத்தகையது? ஹொலிவூட்டின் பெரும் நிறுவனங்கள் தமது படங்களைத் தென் மாநிலங்களிலும் விற்க வேண்டியிருந்தன. இன ஒதுக்கலைச் சட்டமாகக் கொண்ட அம்மாநிலங்களின் வெள்ளைப் பார்வையாளர் மனங்கோணக் கூடாது என்பது வாணிக விதி. 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட தயாரிப்பு ஒழுக்கக் கோவை, வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான காதலையும் மணவுறவையும் திரையிற் காட்டுவதைத் தடை செய்தது. கறுப்பினப் பெண் காதலியாகவோ மனைவியாகவோ முதன்மைக் கதையுள் நுழையும் வழி இவ்வாறு அடைபட்டது. எஞ்சியது சமையலறையே. மக்டானியல் முந்நூறு வரையான படங்களில் தோன்றினார் என்று கூறப்படுவதுண்டு. பெயர் காட்டப்பெற்றவை ஏறத்தாழ எண்பது மட்டுமே. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் அவர் பணிப்பெண்.

இவ்வெல்லைக்குள்ளும் 1930களின் நடுப்பகுதியில் அவருக்குச் சில நல்ல வாய்ப்புகள் கிடைத்தன. ஜோர்ஜ் ஸ்ரீவன்ஸ் நெறிப்படுத்திய 'அலிஸ் அடம்ஸ்' (1935) அவற்றுள் ஒன்று. தம்மை மேட்டுக்குடியாகக் காட்டிக்கொள்ள விரும்பும் ஒரு சிறுநகரக் குடும்பம், செல்வந்த இளைஞன் ஒருவனை விருந்துக்கு அழைத்து, அன்றைக்கு மட்டும் ஒரு பணிப்பெண்ணைக் கூலிக்கு அமர்த்துகின்றது. புழுக்கமான மாலை, சூடான பதார்த்தங்கள், தலையில் நிற்க மறுக்கும் பணிப்பெண் தொப்பி. மக்டானியல் எதையும் மிகைப்படுத்துவதில்லை. மெல்லிய சலிப்போடு தட்டுகளை ஏந்தி வருகின்றார். அக்குடும்பத்தின் பொய்மை முழுவதும் அம்பலமாகிவிடுகின்றது. கூலிக்கு வந்தவளுக்கு இக்குடும்பத்தின் கௌரவத்தில் எவ்வித பங்கும் இல்லை என்பதே இக்காட்சியின் நகைச்சுவைக்கு அடிப்படை.

'கோன் வித் த விண்ட்' இதற்கு நேர்மாறானது. மார்கிரெட் மிற்செலின் 1936ஆம் ஆண்டு நாவலைத் தழுவிய இப்படம், ஜோர்ஜியாப் பெருந்தோட்ட முதலாளிகளின் வாழ்வை இழந்துபோன ஒரு பொற்காலமாகக் காட்டுவது. அடிமைகள் இங்கே மகிழ்ச்சியோடு வாழ்கின்றனர். விடுதலை வந்த பின்னும் எசமானரை விட்டுப் போக மனமில்லாதிருக்கின்றனர். அவர்களது குடியிருப்பின் உட்புறத்தைப் படம் ஒருபோதும் காட்டுவதில்லை. மக்டானியல் நடித்த பாத்திரம் 'மம்மி' என்று மட்டுமே அழைக்கப்படுகின்றது. வெள்ளைக் குழந்தைகளை வளர்த்த அடிமைச் செவிலியரைக் குறிக்க வழங்கிய சொல் இது. எமது அகப்பாடல் மரபிலும் செவிலிக்குப் பெயரில்லை. ஆயின் அங்கு தலைவனுக்கும் தலைவிக்குங்கூடப் பெயர் கூறப்படுவதில்லை. இங்கோ பெயரின்மை ஒரு சாராருக்கு மட்டும் உரியது. வெள்ளையர் யாவருக்கும் குடும்பப்பெயர் உண்டு. அடிமைகளுட் சிலருக்கு முதற்பெயர் மட்டும் உண்டு. இச்செவிலிக்கு அதுவும் இல்லை, கணவன் இல்லை, பிள்ளை இல்லை, வீட்டுக்கு வெளியே ஒரு நினைவும் இல்லை. அடிமைமுறைக்கு எதிராக ஆயுதமேந்திய ஒருவரின் மகள், அடிமைமுறையின் இனிமைக்குச் சாட்சி கூற அமர்த்தப்பட்டார்.

அக்காலத்திலேயே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. படப்பிடிப்புக்கு முன்னரே கறுப்பினப் பத்திரிகைகளும் நிறத்தவர் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கமும் கொடுத்த நெருக்குதலால், நாவலில் மலிந்திருந்த இழிசொல் படத்திலிருந்து நீக்கப்பட்டது. 1939 டிசெம்பர் 15ஆம் நாள் அத்லாந்தாவில் நடைபெற்ற முதற்காட்சிக்கு மக்டானியல் உட்பட கறுப்பின நடிகர் எவரும் செல்ல முடியவில்லை. 1940 ஜனவரியில் நாடகாசிரியர் கார்ல்ற்றன் மொஸ், செல்ஸ்னிக்குக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதிப் படத்தின் வரலாற்றுப் புரட்டுகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினார். மிச்சிகன் மாநிலத்தின் ஒரு சிற்றூரில், அரங்கிலிருந்த ஒரேயொரு கறுப்பினத்தவனாக இப்படத்தைப் பார்த்த சிறுவன் நாணத்தாற் குன்றிப்போனான். அச்சிறுவனே பிற்காலத்தில் மல்கம் எக்ஸ் ஆனவர். இக்கண்டனங்கள் யாவும் சரியானவை. இப்படம் வரலாற்றுப் பொய். அப்பொய்யால் ஒரு மக்கட் கூட்டத்துக்கு ஊறு விளைந்தது.

ஆயின் மக்டானியலின் நடிப்பை இக்கண்டனத்தோடு எவ்வாறு தொடர்புபடுத்துவது? அவர் பாத்திரத்தை மீறினார் என்போர், நாயகி ஸ்காலற்றுக்கு உடையை இறுக்கிக் கட்டும் காட்சியை எடுத்துக்காட்டுவர். அங்கு அவர் அதட்டுகின்றார். ஸ்காலற்றின் உள்நோக்கத்தை நொடியிற் கண்டுகொள்கின்றார். அஞ்சாது முகத்துக்கு நேரே கூறுகின்றார். உண்மையே. எனினும் அவர் எதன் பேரால் அதட்டுகின்றார்? உயர்குடிப் பெண் விருந்தில் எவ்வளவு உண்ணலாம், எப்படி உடுக்கலாம் என்ற பெருந்தோட்டக் குலத்தின் ஒழுக்க விதிகளையே அவர் காவல் செய்கின்றார். அவருடைய அதிகாரம் எசமானரிடமிருந்து இரவல் பெற்ற அதிகாரம். எனவே அதட்டலை எதிர்ப்பென்று கொள்வது பொருந்தாது. அன்றியும், உயிரற்றிருந்திருக்கக்கூடிய ஒரு பொம்மைக்கு அவர் அறிவும் தன்மதிப்பும் ஊட்டியதால், படத்தின் பொய் மேலும் நம்பத்தக்கதாயிற்று. இத்தகைய அறிவுள்ள பெண்ணே அடிமை வாழ்வை விரும்பி ஏற்றாள் என்று பார்வையாளர் எண்ண இடமுண்டாயிற்று. நடிப்பு எவ்வளவுக்குச் சிறந்ததோ அவ்வளவுக்கு அது படத்தின் கருத்துநிலைக்குப் பயன்பட்டது. இக்கசப்பான உண்மையை ஒப்புக்கொள்ளாமல் மக்டானியலை மதிப்பிட முடியாது.

அவருடைய ஆற்றலின் அளவை உணர இரண்டு காட்சிகளை அருகருகே வைத்து நோக்குதல் பயன் தரும். முதலாவது 'கோன் வித் த விண்ட்' படத்தின் மாடிப்படிக் காட்சி. ஸ்காலற்றின் சிறுமகள் இறந்துவிட்டாள். தந்தை ரெற், பிள்ளையைப் புதைக்க விடாது அறைக்குள் அடைபட்டிருக்கிறார். இவை பெரும்பாலும் நமக்கு நேரே காட்டப்படுவதில்லை. மெலனியாக நடிக்கும் ஒலிவியா டி ஹவிலண்டுடன் படியேறிச் செல்லும் மக்டானியலின் வாய்ச்சொல்லாகவே வருகின்றன. கணவனும் மனைவியும் ஒருவர்மீது ஒருவர் வீசிய கொடுஞ்சொற்களை அவர் விம்மலுக்கிடையே எடுத்துரைக்கின்றார். பெருஞ்செலவில் நெருப்பையும் போரையும் காட்டிய படம், தன் மிகப் பெரிய துயரத்தை ஒரு நடிகையின் குரலிடம் ஒப்படைத்துவிடுகின்றது. அவர் அதனைச் சுமந்து காட்டுகின்றார். எனினும் அத்துயரம் முழுவதும் எசமானரின் துயரம்.

இரண்டாவது, ஜோன் ஹியூஸ்ரன் நெறிப்படுத்திய 'இன் திஸ் அவர் லைஃப்' (1942) படத்திலுள்ளது. இங்கும் அவர் பணிப்பெண்ணே. ஆயின் மினேர்வா கிளே என்ற முழுப்பெயர் உண்டு. சட்டம் பயிலும் ஒரு மகனும் உண்டு. பெற்றி டேவிஸ் நடிக்கும் வெள்ளைப் பெண், தான் காரால் மோதி ஒரு குழந்தையைக் கொன்ற பழியை அம்மகன்மீது சுமத்துகின்றாள். அன்றிரவு தன் மகன் வீட்டிலேயே இருந்தான் என்பதையும், காவலர் கறுப்பின இளைஞனின் சொல்லைக் கேட்கவே முற்படவில்லை என்பதையும் மினேர்வா கூறுகின்றாள். கேட்டு நிற்பவர் இங்கும் ஒலிவியா டி ஹவிலண்டே. மாடிப்படியில் ஒலித்த விம்மல் இங்கில்லை. குரல் தாழ்ந்திருக்கிறது, சொற்கள் அளவாக வருகின்றன, நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கை அற்றுப்போன ஒருத்தியின் களைப்பு முகத்திற் படிந்திருக்கிறது. ஒரே நடிகை, ஒரே வகைத் தொழிலுடைய பாத்திரம், கேட்பவரும் ஒருவரே. மாறியது ஒன்றே: இம்முறை துயரம் அவருடையது. சில நிமிடங்களே நீடிக்கும் இக்காட்சி, இருபதாண்டுத் திரைவாழ்வில் ஹொலிவூட் எதனை வீணடித்தது என்பதற்குச் சான்றாக உள்ளது.

இனி, தெரிவு பற்றிய வினாவுக்கு வருவோம். மறுத்தவர்கள் இருந்தனர் என்பது உண்மை. 'ஷோ போற்' (1936) படத்தில் மக்டானியலுடன் இணைந்து நடித்த போல் றொப்சன், 1942க்குப் பின் ஹொலிவூட்டை உதறினார். ஆனால் றொப்சனுக்கு உலகின் இசை மேடைகள் இருந்தன. அவருடைய மறுப்பின் பெருமையை இது குறைப்பதில்லை. ஆயினும் மறுப்பதற்கும் ஒரு பொருளாதாரத் தளம் வேண்டும் என்பதை இது காட்டுகின்றது. அத்தளம் இல்லாதார் நிலையைப் பட்டர்பிளை மக்குவீன் வாழ்வில் காணலாம். 'கோன் வித் த விண்ட்' படத்தில் பிரிசியாக நடித்த அவர், 1940களின் பிற்பகுதியில் இத்தகைய பாத்திரங்களை மறுத்துவிட்டுக் கடைச் சிப்பந்தியாகவும் பிற சிறு வேலைகள் பார்த்தும் வாழ நேர்ந்தது. பணிப்பெண் பாத்திரத்தை மறுத்த கறுப்பின நடிகைக்கு எஞ்சியது பெரும்பாலும் உண்மையான பணிப்பெண் வேலை அல்லது அதையொத்த வேலையே. வாரத்துக்கு ஏழு டொலருக்குப் பணிப்பெண்ணாக இருப்பதிலும் எழுநூறு டொலருக்குப் பணிப்பெண்ணாக நடிப்பது மேல் என்ற பொருள்படப் பல வடிவங்களில் மக்டானியலின் பெயரால் வழங்கும் கூற்று, வெறும் சாதுரியமன்று. இரண்டு வேலைகளையும் அறிந்தவரின் கணக்கு அது.

நிறத்தவர் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் செயலாளர் வோல்ற்றர் வைற், 1942இல் ஹொலிவூட் நிறுவனத் தலைவர்களைச் சந்தித்து, கறுப்பினத்தவரை ஏவலாளராகவும் கோமாளிகளாகவும் மட்டுமே காட்டும் வழக்கத்தைக் கைவிடுமாறு வற்புறுத்தினார். கோரிக்கை நியாயமானது. ஆயின் அத்தொழிலில் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்த கறுப்பின நடிகர், தமது பிழைப்புப் பற்றிய பேச்சில் தம்மைக் கலந்துகொள்ளவில்லை என மனம் வருந்தினர். நிறுவனங்களோ பணிப்பெண் பாத்திரங்களைக் குறைப்பது எளிதெனக் கண்டன. அவற்றுக்கு ஈடாகக் கண்ணியமான பாத்திரங்களைப் பெருக்க முன்வரவில்லை. போருக்குப் பின் மக்டானியலின் வாய்ப்புகள் சுருங்கின. 'சோங் ஒவ் த சவுத்' (1946) போன்ற, பெருந்தோட்டத்தை மீண்டும் இனிமையாக்கும் படத்தில் நடித்ததையும், 1947இல் தமது திரைவாழ்வை நியாயப்படுத்தி எழுதியதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. இழைக்கப்பட்ட அநீதியைத் தனிமனித முன்னேற்றத்தால் வென்றுவிடலாம் என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கையை நாம் ஏற்கவில்லை. ஆயினும் விற்பவரையும் வாங்குபவரையும் ஒரே தட்டில் நிறுத்துவது முற்போக்கு விமரிசனத்தின் பணியாகாது.

அவ்வாறு ஈட்டிய ஊதியம் எங்கே சென்றது என்பதும் இங்கு கருதத்தக்கது. லொஸ் ஏஞ்சல்ஸின் வெஸ்ற் அடம்ஸ் ஹைற்ஸ் பகுதியில், 'சுகர் ஹில்' என்று பெயர்பெற்ற இடத்தில், அவர் ஒரு பெரிய வீட்டை வாங்கினார். அப்பகுதிக் காணிகள் வெள்ளையரல்லாதார்க்கு விற்கப்படலாகாது என்ற உடன்படிக்கைக்கு உட்பட்டவை. வெள்ளை அயலவர் சிலர், மக்டானியல், நடிகையரான எதெல் வோட்டர்ஸ், லூயிஸ் பீவர்ஸ் முதலியோரை வெளியேற்றுமாறு வழக்குத் தொடுத்தனர். மக்டானியல் அயலவரைத் தமது வீட்டிற் கூட்டி எதிர்வழக்குக்கு ஒழுங்கு செய்தார். வழக்கறிஞர் லோரன் மில்லர் வாதாடினார். 1945 டிசெம்பரில் நீதிபதி தேர்மண்ட் கிளார்க், அமெரிக்க அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தத்தைச் சுட்டி வழக்கைத் தள்ளுபடி செய்தார். இத்தகைய உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றக் கூடாது என 1948இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்கு முன்னோடியான வெற்றிகளுள் இதுவும் ஒன்று. அவ்வுச்ச நீதிமன்ற வழக்குகளிலும் மில்லர் வாதாடினார். திரையிற் பிறர் வீட்டின் கௌரவத்தைக் காத்து நின்றவர், அவ்வூதியத்தில் வாங்கிய தமது வீட்டில் வாழும் உரிமைக்காக அயலவரோடு கூட்டாகப் போராடினார். திரையில் தனியராக நின்று அடைய முடியாததை இங்கே கூட்டுச் செயலால் அடைந்தார். பிற்காலத்தில், 1960களில், அப்பகுதியை ஊடறுத்தே நெடுஞ்சாலை அமைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும்.

1947இல் 'பியூலா' என்னும் வானொலித் தொடரில் அவர் முதன்மைப் பாத்திரம் ஏற்றார். பியூலா கறுப்பினப் பணிப்பெண். ஆயினும் அதுவரை அப்பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர்கள் வெள்ளை ஆடவர்கள். அமெரிக்க வானொலி வலையமைப்பொன்றில் தொடரின் தலைமைப் பாத்திரம் ஏற்ற முதலாவது கறுப்பினப் பெண் மக்டானியலே. கேலிக்குரிய கொச்சைப் பேச்சைப் பேசுவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இது சிறு வெற்றி; ஆனால் ஒரு தொழிலாளி தமது வேலை நிபந்தனையைத் தாமே வரையறுத்த வெற்றி. தொடர் தொலைக்காட்சிக்கு வந்தபோது சில அங்கங்களில் நடித்த அவர், 1952 ஒக்ரோபர் 26ஆம் நாள் மார்புப் புற்றுநோயால் இறந்தார். ஹொலிவூட் மயானத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவரது விருப்பம். அம்மயானம் அப்போது கறுப்பினத்தவரை ஏற்கவில்லை. அதே மயானத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுந்தது 1999இல்.

அவருக்குப் பின் மற்றொரு கறுப்பினப் பெண் நடிப்புக்காக ஒஸ்கார் பெறுவதற்கு 1991 வரை, வூப்பி கோல்ட்பேர்க் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. ஹவார்ட் பல்கலைக்கழகத்துக்கு மக்டானியல் விட்டுச்சென்ற விருதுப் பட்டயம் அங்கிருந்து காணாமற் போயிற்று. 2023 ஒக்ரோபரில் திரைப்படக் கழகம் அதற்குப் பதிலாக வேறொன்றை வழங்கியது. 2020 ஜூனில், இன ஒடுக்குமுறைக்கெதிரான பேரெழுச்சியின்போது, 'கோன் வித் த விண்ட்' ஓர் இணையத் திரைச்சேவையிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டு, பின்னர் வரலாற்று விளக்கவுரையோடு மீண்டும் சேர்க்கப்பட்டது. படத்தை மறைப்பதிலும் விளக்கத்தோடு காட்டுவது சிறந்தது என்பதே எமது நிலைப்பாடு. மறைத்தால் பொய்யோடு சேர்ந்து அப்பொய்யைச் சுமக்க நேர்ந்தவரின் உழைப்பும் மறைந்துவிடும்.

பாத்திரம் முற்போக்கானதா பிற்போக்கானதா என்று மட்டும் கேட்டு நின்றுவிடும் விமரிசனம், திரைநிறுவனம் கண்ட அளவையே தானும் காண்கின்றது: பணிப்பெண்ணைக் காண்கின்றது, நடிகையைக் காண்பதில்லை. மீறலின் சுவடுகளை மட்டும் தேடும் விமரிசனமோ, நடிகையைக் காண்கின்றது, அவரது மீறலையும் இலாபமாக்கிக்கொண்ட நிறுவனத்தைக் காண்பதில்லை. பாத்திரத்தை எழுதியவர் யார், அதற்கு ஊதியம் கொடுத்தவர் யார், மறுத்தவருக்கு என்ன நேர்ந்தது, ஏற்றவர் தமது உழைப்பால் அதற்குள் எதனைச் செய்தார், அது யாருக்குப் பயன்பட்டது என்னும் வினாக்களை ஒருசேர எழுப்பும்போதே ஒரு நடிகையின் வாழ்வு வரலாற்றுப் பொருளாகின்றது. மக்டானியலைப் போல, பெயர் காட்டப்பெறாமலே நூற்றுக்கணக்கான படங்களிற் கதவு திறந்தும் தட்டு ஏந்தியும் நின்ற பிற கறுப்பின நடிகையர் பற்றிய ஆய்வுக்கும் இவ்வினாக்களே தொடக்கமாக அமையும்.